பாவாடை போட்ட மானிட்டரும் அய்யம்மாளின் முகமும்

மானிட்டருக்குப் பாவாடை தைத்துப் போட்டிருந்தாள் பாத்திமா. பச்சை சாட்டின் துணி, கீழே சுருக்கு, ஓரத்தில் தங்கச் சரிகை. கூடலூர் ஜீப் சங்க ஆபீசுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். “உள்ள இருக்குறது கம்ப்யூட்டரா, கல்யாணப் பொண்ணா?” என்று, அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அவளைப் போகும்போதெல்லாம் சீண்டுவேன்.

அன்றைக்குச் சீண்டவில்லை.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குமுளி மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புகைதான் இருந்தது. ஆபீஸ் பெஞ்சில், நனைந்த துண்டைப் பிழியக்கூடத் தோன்றாமல் மடியில் வைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் வேலுச்சாமி. திராட்சைத் தோட்டத்தில் வேலை. அவர் மனைவி அய்யம்மாள், முந்தின நாள் காலையில் ஏலக்காய் பறிக்க ஜீப் ஏறிப் போனவர், சாயங்காலம் இறங்கி வரவில்லை.

அய்யம்மாளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. எழுதப் படிக்கவும் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் எங்கே நின்றாலும் ‘நான் இன்னார், இன்ன ஊர்’ என்று சொல்ல வழியில்லை. தேட ஒரு போட்டோ வேண்டும். அவரை ஒரே ஒரு தடவைதான் படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படம் இந்தப் பாவாடைக்குள் இருந்தது.

இருந்தது என்றா சொன்னேன்? அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் நான் தேனியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன்.

பாட்டுப் பைத்தியங்கள்

கேசட் மங்கி, சிடி தலையெடுத்த வருஷங்கள் அவை. தேனி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் நான் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மிச்ச நேரத்தில் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுப்பேன். ஜீப் சங்கத்துக்கு எழுதியதும் அப்படித்தான்.

கூடலூர்ப் பெண்கள் விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். யார் எந்த ஜீப், எந்தத் தோட்டம் என்று போட்டோ வைத்த அட்டை போட்டுக் கொடுப்பதாகச் சங்கத்தில் முடிவானது. கம்ப்யூட்டர் தலையில் ஒரு சின்னக் கேமரா, எதிரில் ஒரு ஸ்டூல். உட்கார்ந்தால் முகம் திரையில் விழும். ‘சேவ்’ பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது.

முதலில் நான் படங்களைத் தனித்தனிக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் போட்டேன். டேட்டாபேஸில் பெயர், ஜீப் நம்பர், அப்புறம் ‘படம் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று ஒரு விலாசம் மட்டும். அன்றைக்கு ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். அதில் ஒரு குற்றமும் இல்லை, ஜீப் டிரைவர்கள் பாட்டுக் கேட்காதவர்களாக இருந்திருந்தால்.

இந்த மலைப்பாதை டிரைவர்களுக்குப் பாட்டு இல்லாமல் வண்டி நகராது. அதிலும் சின்னராசு என்று ஒருவர். இஞ்சின் இல்லாமல்கூட ஓட்டிவிடுவார், பாட்டு இல்லாமல் முடியாது. சங்கத்துக் கம்ப்யூட்டரில் பாட்டு ஏற்றி சிடி போடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் போய்ப் பார்த்தால் அத்தனை பெண்களின் முகமும் காணோம். பெயர் இருக்கிறது, ஜீப் நம்பர் இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் சாம்பல் நிறம்.

“எடமே இல்லைன்னு சொல்லுச்சு டீச்சர்,” என்றார் சின்னராசு. “கெடந்ததுல பெருசாத் தெரிஞ்சதைத் தூக்கிட்டேன்.”

“ஊர்ப் பொம்பளைக முகத்தையெல்லாம் தூக்கிட்டீரேய்யா!”

“புதுப்பாட்டு டீச்சர். அம்சமா இருக்கு, கேக்குறீகளா?”

எனக்கு வந்த கோபத்தில் அந்த சிடியை முறித்திருப்பேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

புள்ளியாகப் போகும் படம்

பள்ளிக்கூடம் போகும் வயதில் எதிர்வீட்டில் டிவி பார்க்கப் போவேன். செய்தி முடிந்ததும் அந்த வீட்டு அத்தை சட்டென்று அணைப்பார். செய்தி வாசித்தவர் சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் போய்விடும். “அத்தை, அவரு எங்க போனாரு?” என்று கேட்டேன். “தூங்கப் போயிட்டாரு. நீயும் போ,” என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இரவெல்லாம் அந்தப் புள்ளிக்குள் உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன். கம்ப்யூட்டர் படிக்கப் போனபிறகுதான் விஷயம் புரிந்தது. திரையில் தெரியும் படம் மின்சாரம் ஓடும்வரைதான். அது ஓர் இடத்தில் எழுதப்பட்டதல்ல, பிடித்து வைக்கப்பட்டது. கையை விட்டால் போய்விடும்.

அதை நிலைக்க வைக்க வேண்டும் என்றால் பைட்டுகளாக மாற்ற வேண்டும். ஒரு முகத்தில் இருக்கும் வெளிச்சம், நிழல், மூக்குத்தி மின்னல் எல்லாவற்றையும் எண் எண்ணாகப் பிரித்து வரிசையாக அடுக்க வேண்டும். நம் ஊர் திராட்சைபோலத்தான். கொடியில் தொங்குகிற அழகோடு அப்படியே லாரி ஏற்ற முடியாது. பெட்டியில் அடுக்கினால்தான் ஊர் போய்ச் சேரும்.

முகங்கள் போன பிறகு இரண்டாவது முறையாக எழுதினேன். இனி விலாசம் வேண்டாம், முகமே பைட்டுகளாக டேட்டாபேஸுக்குள் போய் உட்காரட்டும், சின்னராசு வந்து எதைத் தூக்குகிறார் என்று பார்க்கிறேன் என்று. ஆனால் அதிலும் நடுவில் ஒரு படி வைத்திருந்தேன். படத்தை முதலில் டிஸ்க்கில் ஒரு தற்காலிகக் கோப்பாக இறக்கும், அதைப் பைட்டுகளாகப் படித்து டேட்டாபேஸில் ஏற்றும், பிறகு கோப்பை அழித்துவிடும்.

பெண்களெல்லாம் மறுபடி வரிசையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். கடைசியாக உட்கார்ந்தவர், முதல் தடவை வராமல் விட்டுப்போயிருந்த அய்யம்மாள். பாத்திமா ‘சேவ்’ அழுத்தினாள். தற்காலிகக் கோப்பு எழுத டிஸ்க்கில் இடமில்லை. மறுபடியும் பாட்டு!

“அமத்திட்டேனேக்கா”

பாத்திமா போன் போட்டாள். உத்தமபாளையத்துப் பெண். தைரியசாலி, ஆனால் திரையில் பெட்டி பெட்டியாக வந்தால் மட்டும் பயம்.

“அக்கா, ஒரு பொட்டி வந்து நிக்குது. எண்டுன்னு ஒரு பொத்தான், டீபக்குன்னு ஒரு பொத்தான். எதை அமுக்க?”

“ஒண்ணையும் அமுக்காத புள்ள. நாளன்னைக்கு வாரேன். அதுவரைக்கும் கம்ப்யூட்டரையும் அமத்தாத.”

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புரோகிராமை முடித்துக் கட்டி, சீல் வைத்துக் கொடுப்பதுதான் முறை. நாங்கள் அப்படிக் கொடுப்பதில்லை. நான் எழுதிய வரிகளை அப்படியே அவர்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து வைத்து, அங்கிருந்தே ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். போகும்போதெல்லாம் “டீச்சர், இதைக் கொஞ்சம் மாத்துங்க” என்பார்கள், உட்கார்ந்த இடத்தில் மாற்றிக் கொடுத்து டீ குடித்துவிட்டு வருவோம். பெரிய ஊர்க்காரர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

அடுத்த போன் வந்தபோது பாத்திமாவின் குரலே மாறியிருந்தது.

“அக்கா, அய்யம்மாக்காவைக் காணோம். நேத்து எறங்கும்போது குமுளியில டயர் வெடிச்சிருக்கு. மழைக்கு எல்லாரும் கடையோரமா ஒதுங்கியிருக்காக. திரும்ப ஏறும்போது அவுக இல்ல. வேற ஜீப்புல மாறி ஏறிட்டாக போலக்கா.”

எனக்குப் புரிந்தது. மழைக்காலத்தில் எல்லா ஜீப்பும் படுதாவை இறக்கிவிட்டிருக்கும். எல்லாப் பெண்களும் பிளாஸ்டிக் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டிருப்பார்கள். அசதியில் ஏறி, படுதாவில் சாய்ந்து கண்ணை மூடினால் போச்சு. கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது.

“போட்டோ கேக்குறாக அக்கா. அவுக வீட்டுல ஒண்ணுமே இல்லையாம். கோயில்ல தாலி கட்டுனதால கல்யாணப் போட்டோ கெடையாது. ஓட்டு அட்டைக்குப் படம் புடிச்ச அன்னைக்கும் தோட்டத்துக்குப் போயிட்டாகளாம்.”

“திரையில இருக்குல்ல? தொடாம வச்சிருக்கேல்ல?”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“பாத்திமா?”

“அமத்திட்டேனேக்கா,” என்றாள். அழுதுவிட்டாள். “ராத்திரியெல்லாம் எரியவிடக் கூடாதுன்னு செயலாளரு சத்தம் போட்டாக. நீங்க சொன்ன அன்னைக்கே அமத்தி, துணியும் போட்டு மூடிட்டேன்.”

அவளைத் திட்ட வாய் வரவில்லை. போய் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மழை. சின்னமனூர் தாண்டி வயல்கள் பச்சையாக நனைந்து கிடந்தன. தூரத்தில் காற்றாலைகள் மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, இறக்கை மட்டும் வெளியே வந்து வந்து மறைந்தன. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து வழிந்து, வெளியே நின்ற ஆட்களெல்லாம் கரைந்துபோனார்கள். நான் பார்த்தே இராத அய்யம்மாளின் முகமும் அப்படிக் கரைவதுபோல் இருந்தது. பாதித் தூக்கத்தில் எதிர்வீட்டு அத்தையின் டிவிப் புள்ளி வேறு கண்ணுக்குள் வந்தது.

கையில் பட்ட சூடு

ஆபீசுக்குள் நுழைந்து, வேலுச்சாமி அண்ணனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், கையைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன். கை, மானிட்டருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பெட்டி மேல் பட்டது.

சூடாக இருந்தது.

காதைக் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது.

“ஏ புள்ள, நீ எப்படி அமத்துன?”

பாத்திமா பாவாடையைத் தூக்கி, மானிட்டருக்குக் கீழே இருந்த பொத்தானைக் காட்டினாள். “இந்தா, இதைத்தான்.”

“எப்பவும் இப்படித்தான் அமத்துறதா?”

“ஆமாக்கா. மொத நாள்ல இருந்து இதைத்தான் அமத்துறேன்.”

“உள்ள காத்தாடிச் சத்தம் கேக்குதே?”

“அது எப்பவும் கேக்குறதுதானேக்கா?”

அடி என் ராசாத்தி! கம்ப்யூட்டரை அணைப்பது எப்படி என்று நான் வகுப்பெடுத்த அருமையை நினைத்துச் சிரிப்பதா, அழுவதா? அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுக்கு எதற்கென்று தெரியவில்லை.

பொத்தானை அழுத்தினேன். அந்தக் காலத்து மானிட்டர், உடனே விழித்துக்கொள்ளாது. முதலில் கறுப்பு. பிறகு கறுப்பிலேயே ஒரு பழுப்பு. பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவதுபோல, மெதுவாக, ஒரு நெற்றி, ஒரு பொட்டு, இரண்டு மூக்குத்திகள். கேமராவைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற பாத்திமாவைப் பார்த்து அய்யம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். தாடைக்குக் கீழே அந்தப் பிழைப் பெட்டி அப்படியே நின்றது.

வேலுச்சாமி எழுந்து வந்தார். ஐந்து விரலையும் கூட்டி வாய்க்கருகே கொண்டுபோய், புருவத்தைத் தூக்கினார். ‘சாப்பிட்டியா?’ வீட்டில் மனைவியிடம் பேசுகிற பழக்கத்தில் திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையை இறக்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது.

மஞ்சள் வரி

எண்டு என்ற பொத்தானை அழுத்தினால் புரோகிராம் முடிந்துவிடும், முகம் போய்விடும். பிழையைத் தேடித் திருத்த இருக்கிற டீபக்கை அழுத்தினேன். புரோகிராம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் எழுதிய வரிகள் திறந்துகொண்டன. தடுமாறிய வரி மஞ்சள் நிறத்தில் மின்னியது. எங்கள் ஊர்ச் சோம்பேறித்தனம் அன்றைக்குத்தான் புண்ணியம் கட்டிக்கொண்டது. சீல் வைத்துக் கொடுத்திருந்தால் உள்ளே கை வைக்கவே முடியாது.

அந்தத் தற்காலிகக் கோப்பே இனி வேண்டாம் என்று முடிவு செய்தேன். படத்தை நினைவிலிருந்து நேராகப் பைட்டுகளாக்க ஒரு வழி உண்டு. நான் புரோகிராம் எழுதிய மொழியில் ஒரு பை இருந்தது. பொருள்களைப் போட்டு வைக்கிற பை. படத்தை அதற்குள் போட்டுவிட்டு, ‘உன்னிடம் இருப்பதைக் கொடு’ என்று கேட்டால், பைட்டுகளாகவே எடுத்துக் கொடுக்கும். டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். டேட்டாபேஸ் அதே கம்ப்யூட்டரின் இன்னொரு பகுதியில் இருந்தது. அங்கே பாட்டு இல்லை, இடம் இருந்தது.

மேலே ஒரு வரி சேர்க்கப் போனேன். உடனே ஓர் எச்சரிக்கை: இப்படி மாற்றினால் புரோகிராம் முதலிலிருந்து தொடங்கும், சம்மதமா? வேண்டாம் தாயே என்று ரத்து செய்தேன். முகம் இருந்தது. எழுத வேண்டியதையெல்லாம் மஞ்சள் வரிக்குப் பக்கத்திலேயே, அடக்க ஒடுக்கமாக எழுதத் தொடங்கினேன்.

அப்போது கரண்ட் போனது.

மேசைக்கு அடியில் யுபிஎஸ் கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி. எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. பாத்திமா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு, “யா அல்லா, யா அல்லா” என்றாள். வாசலில் வந்து நின்ற சின்னராசு, “இனிமே பாட்டே கேக்க மாட்டேன் டீச்சர், எப்படியாச்சும் எடுத்திருங்க,” என்றார். அய்யம்மாள் ஏறி வந்த ஜீப் அவருடையதுதான். முகத்தில் ஈயாடவில்லை.

“பேசாம இருங்கய்யா, கை தப்பும்!” என்று கத்தினேன்.

கடைசி வரியை முடித்தேன். மஞ்சள் வரியின் ஓரத்தில் நின்ற அம்பைப் புது வரிக்கு இழுத்துவிட்டு ஓடச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஒரு நொடி யோசித்தது. ‘பதிவு செய்யப்பட்டது’ என்று நானே எழுதி வைத்த வாக்கியம் வந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் யுபிஎஸ் நீளமாக ஒரு கத்து கத்திவிட்டு அடங்கியது. அய்யம்மாள் சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி, போய்விட்டார்.

“போயிட்டாளா ஆத்தா?” என்றார் வேலுச்சாமி.

“போகலைண்ணே. உள்ள இருக்காக.”

“பொட்டியில அடுக்கியாச்சா?”

திராட்சைக்காரருக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. அவராகவே கேட்டார். “அடுக்கியாச்சுண்ணே,” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கே பாதி நம்பிக்கைதான். இருட்டுத் திரைக்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கனவின் நடுவில் காத்திருப்பதுபோல இருந்தது.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரை எழுப்பி, புரோகிராமைத் திறந்து, அய்யம்மாள் என்று பெயரைத் தட்டினேன். அதே சிரிப்பு, அதே மூக்குத்தி. பைட் பைட்டாகப் போனவர் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வேலுச்சாமி அப்போதுதான் துண்டைப் பிழிந்தார்.

கண்ணாடியில் ஒட்டிய முகம்

படத்தை ஃபிளாப்பியில் இறக்கி, எதிரில் இருந்த ஸ்டுடியோவில் கொடுத்து, கைநிறைய பிரதி எடுத்தோம். கூடலூர் ஸ்டாண்டில் இருந்த ஒவ்வொரு ஜீப்பின் முன் கண்ணாடியிலும், சாமி ஸ்டிக்கர்களுக்குப் பக்கத்தில் அய்யம்மாளை ஒட்டினார்கள். அன்றைக்கே அத்தனை ஜீப்பும் மலையேறிப் போயின.

சில நாள் கழித்துக் கட்டப்பனைப் பக்கம் ஒரு டீக்கடையில் சின்னராசு வண்டியை நிறுத்தினார். கடைக்காரப் பெண் டீயைக் கொண்டுவந்தவர், கண்ணாடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாராம். “ஈ சேச்சியோ? இவிட உண்டல்லோ!” என்றாராம். கடைக்குப் பின்னால், காய்ச்சல் தெளிந்து, அய்யம்மாள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். மழையில் நடுங்கிக்கொண்டு நின்றவரை அந்தப் பெண்தான் வீட்டுக்குள் கூட்டிப்போய் வைத்திருந்தார். இதை என்னிடம் சொல்லும்போது சின்னராசு அழுதார். அழுதுகொண்டே, “வரும்போது பாட்டே போடலை டீச்சர்,” என்றார்.

ஸ்டாண்டில் இறங்கியதும் அய்யம்மாள் தன் கணவரின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திட்டினாராம். ஏன் சவரம் செய்யவில்லை என்று கேட்டது ஸ்டாண்டுக்கே புரிந்தது என்றாள் பாத்திமா.

அதன்பிறகு கண்ணாடியிலிருந்து அந்தப் படத்தை எடுக்க ஒரு டிரைவருக்கும் மனசு வரவில்லை. வெயிலில் நிறம் வெளுத்து, ஓரம் சுருண்டு, அது அங்கேயே இருந்தது.

வருஷங்கள் கழித்துக் குமுளியில் ஒரு வேலைக்காகச் சின்னராசு ஜீப்பில் ஏறினேன். பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது, சபதமெல்லாம் எப்போதோ காற்றில் போயிருந்தது. என் பக்கத்தில் ஆண்டிபட்டியிலிருந்து முதல் தடவையாகக் காய் பறிக்கப் போகும் ஒரு பெண். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தவர் கேட்டார்.

“அண்ணே, இது எந்தக் கோயில் ஆத்தா?”

சின்னராசு திரும்பவே இல்லை. “எங்க ஊரு ஆத்தாதான்.”

“சக்தியுள்ளதா?”

“பின்ன? காணாமப் போனவுகளைக் கண்டுபுடிச்சுக் குடுக்கும்.”

அந்தப் பெண் சட்டென்று இரண்டு கையையும் கூப்பி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்சீட்டில் கொங்காடையை மடியில் மடித்து வைத்து உட்கார்ந்திருந்த அய்யம்மாள், பேச்சு எதுவும் காதில் விழாமல், தன் முகத்தை ஒருத்தி கும்பிடுவதை மட்டும் பார்த்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

பிறகு என் தோளைத் தட்டினார். ஐந்து விரலையும் கூட்டி வாய்க்கருகே கொண்டுபோய், புருவத்தைத் தூக்கினார்.

சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். உண்மையில் சாப்பிடவில்லை. எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, தூக்குவாளியைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.